பருப்புக்கு மூன்று பெயர்

திருநெல்வேலியில் மூன்று கிளைகள் உள்ள மளிகைக் கடை அது. 19 வருடங்களாக அங்கே கணக்கு பார்க்கிறார் அந்த அக்கா. கிளைக்குத் தினமும் 400 பில், பில்லுக்கு எட்டுப் பொருள் என்று வைத்தாலே ஒரு நாளைக்கு 9,600 வரிகள். எக்செல் ஷீட் ஒன்றில் 10,48,576 வரிகள்தான் பிடிக்கும். மூன்றரை மாதத்தில் ஷீட் நிரம்பிவிடும். தீபாவளி வியாபாரத்தை சித்திரை வியாபாரத்தோடு ஒப்பிட வேண்டுமென்றால், இரண்டு ஃபைலைத் திறந்து வைத்துக்கொண்டு ராத்திரி எட்டு மணி வரை உட்கார வேண்டும்.

ஒருநாள் முதலாளியின் மகன் லேப்டாப்போடு வந்தார்.

"2020-ல இங்கிலாந்துல பழைய எக்செல் ஃபைல்ல 65,536 வரிக்கு மேல ஏறாம, கிட்டத்தட்ட 16,000 கொரோனா நோயாளிங்க விவரம் விட்டுப்போச்சு அக்கா. நாமளும் மாறிடுவோம். பவர் பிஐ, டேப்லோ, ஸோஹோ அனலிட்டிக்ஸ்... மூணுல ஒண்ணு."

திரையில் கலர் கலராகப் படங்கள். அண்ணாச்சி அசந்துபோனார். அக்காவுக்கு வயிற்றில் புளியைக் கரைத்தது. எல்லாவற்றையும் இதுவே சொல்லிவிட்டால் தனக்கு இங்கே என்ன வேலை? மகளுக்கு இன்னும் இரண்டு வருடம் காலேஜ் ஃபீஸ் கட்டியாக வேண்டும்.

ஆனாலும் கேட்டார். "தம்பி, இது அவங்க குடுத்த மாதிரிக் கணக்குதானே? நம்ம கடைக் கணக்கைப் போட்டுக் காட்டுங்க. போன மாசம் எந்தப் பருப்பு அதிகம் வித்துச்சு?"

போட்டார். மூன்று மென்பொருளிலும் கடலைப் பருப்பு மூன்று தனித்தனிப் பொருளாக வந்து நின்றது. ஒரு கிளையில் 'கடலைப் பருப்பு', இன்னொன்றில் 'க.பருப்பு', டவுன் கிளையில் 'க.ப.'. மூன்றும் ஒன்றுதான் என்று எந்த மென்பொருளுக்கும் தெரியவில்லை. அக்காவுக்குத் தெரியும்.

அடுத்த இரண்டு வாரம் வேறு வேலை இல்லை. ஒரு பொருளுக்கு ஒரே பெயர், ஒரே எண் என்று பட்டியல் போட்டார். பிறகுதான் எதை வாங்குவது என்ற பேச்சு. யார் யார் பார்க்கப் போகிறார்கள்? வருடத்துக்கு என்ன செலவு? இரண்டு வருடக் கணக்கைத் தாங்குமா? விண்டோஸ் கணினி இருந்தால் பவர் பிஐ டெஸ்க்டாப் இலவசம். அறிக்கையைப் பகிரத்தான் ஆளுக்கு இவ்வளவு என்று கட்டணம். பார்க்கப்போவது மூன்றே பேர். அதையே முடிவு செய்தார்கள். பில் விவரங்கள் எக்செல்லிலிருந்து டேட்டாபேஸுக்கு மாறின.

வாங்கியதையும் விற்றதையும் சேர்த்துப் பார்த்தபோது, ஜங்ஷன் கிளையில் செவ்வாய்தோறும் தயிர் மிஞ்சுவது தெரிந்தது. அன்றைக்கு ஆர்டரைக் குறைத்தார்கள்.

"ஏம்மா, பொருள் பட்டியல்ல உன்னைக் கேக்காம இனிமே யாரும் கை வைக்கக் கூடாது" என்றார் அண்ணாச்சி.

அன்று ஆறு மணிக்கே அக்கா பஸ் ஏறிவிட்டார்.