அப்பத்தா கேட்ட கேள்வி

செமஸ்டர் முடிஞ்சு ஆலங்குடிக்கு வந்தாச்சு. இந்தப் பதிவு எங்க அப்பத்தாவைப் பத்தி.

போன வருஷம் அதுக்கு முதுகெலும்புல ஆபரேஷன். டாக்டர் ஸ்கேன் படத்தைக் காட்டி, "இங்கதான் ஸ்குரு போடப் போறோம்"னு சொன்னார். அப்பத்தா உத்துப் பார்த்துட்டு, "படத்துல தெரியுது சாமி. என் முதுகுல அந்த எடம் எப்படித் தெரியும்?"னு கேட்டுச்சு. எல்லாரும் சிரிச்சோம். நானும்தான்.

ராத்திரி ஆஸ்பத்திரி வராண்டாவுல தூக்கம் வரலை. தண்டுவடம் பக்கத்துலயே இருக்கே... கேள்வி சரிதானே? அப்படித் தேடிப் படிச்சதுதான் ஆகுமென்டட் ரியாலிட்டி.

வழக்கமா டாக்டர் கை முதுகுல இருக்கும், படம் பக்கத்துத் திரையில இருக்கும். இதுல டாக்டர் மாட்டியிருக்கிற கண்ணாடி வழியா, ஸ்கேன் படம் நோயாளி உடம்பு மேலேயே படிஞ்ச மாதிரி தெரியும். 2020 ஜூன்ல அமெரிக்காவுல ஜான்ஸ் ஹாப்கின்ஸ் டாக்டர்கள் இப்படித்தான் ஒருத்தர் முதுகெலும்புல ஆறு ஸ்குரு போட்டாங்க. நம்ம சென்னையிலும் 2013-ல டாக்டர் ஜே.எஸ்.ராஜ்குமார் கூகுள் கிளாஸ் மாட்டி ஆபரேஷன் பண்ணினார். ஆனா அது டாக்டர் பார்க்கிறதை மத்தவங்களுக்குக் காட்டினது. இது டாக்டர் கண்ணுக்குத் தெரியாததை அவருக்கே காட்டுறது.

சரி, படம் சரியான எடத்துல விழுதுன்னு எப்படித் தெரியும்? அதே அப்பத்தா கேள்வி! இதுக்குப் பேரு ரெஜிஸ்ட்ரேஷன். பத்திரப் பதிவு இல்லீங்க :-) ஆனா சர்வேயர் வேலை மாதிரி. எங்க வயலை அளக்க வந்தவர், வரைபடத்தை வச்சுக்கிட்டு முதல்ல எல்லைக்கல்லைத்தான் தேடினார். கல் கிடைச்சாத்தான் படமும் நிலமும் பொருந்தும். இங்கயும் எலும்புல ஒரு அடையாளத்தைக் கவ்வ வைப்பாங்க. கண்ணாடியில இருக்கிற கேமரா அதைப் பார்த்துதான் படத்தைப் பொருத்தும்.

கல்லு நகர்ந்துட்டா? அளவு மொத்தமும் தப்பு. எலும்பாவது பரவாயில்லை, ஈரல் மூச்சு விடும்போதே நகரும். அப்ப படம் அழகா, தெளிவா, ஆனா தப்பான எடத்துல நிக்கும். எனக்குப் பயம் அதுதான். மங்கலான படத்தைச் சந்தேகப்படுவோம், பளிச்சுனு தெரியுறதை நம்பிடுவோமே!

அப்பத்தாவுக்கு அந்தக் கண்ணாடியெல்லாம் இல்லை. நடுவுல நடுவுல எக்ஸ்ரே பார்த்துத்தான் போட்டாங்க. இப்ப கோயில் வரைக்கும் நடந்து போய்ட்டு வருது.

அன்னைக்குச் சிரிச்சதுக்கு மன்னிப்பா இதை எழுதி, அதுக்கிட்டயே படிச்சுக் காட்டினேன். முழுசா கேட்டுட்டு, "கல்லு நகராமப் பாத்துக்கச் சொல்லு"ன்னுச்சு.