குறிகட்டுவான் துறையில் ஓர் எண்ணம்

குறிகட்டுவான் இறங்குதுறையில் இன்று, பெருமூளை வாதமுற்ற தன் மகனைத் தோளிற் சுமந்தவாறு நெடுந்தீவுப் படகில் ஏறிய தாயொருத்தியைக் கண்டது முதல், என் சிந்தை போச்சியா விளையாட்டையே சுற்றி வருகின்றது.

முதலில் இவ்வாதமுடையோர்க்கென்றே வளர்க்கப்பெற்று, 1984 முதல் பாராலிம்பிக்கில் இடம்பெறும் அவ்வாட்டத்தில், வெண்பந்தை நெருங்குமாறு ஆளுக்கு ஆறு தோற்பந்துகளை எறிவர். கை வழங்காதவரோ, தலையிற் பொருத்திய கோலினால் சரிவுப்பாதையிற் பந்தை உருட்டிவிடலாம்.
எத்துணைக் காருண்யமான ஏற்பாடு!

இத்தகையோர் ஒளிர்வது போச்சியாவில் மட்டுமன்று: 2024இல் பாரிஸ் பாராலிம்பிக்கில், உடலியக்க ஒருங்கிணைவு குன்றியோர்க்கான டி35 பிரிவில், பாரதத்தின் பிரீத்தி பால் 100, 200 மீற்றர் ஓட்டங்கள் இரண்டிலும் வெண்கலம் வென்றார்.

போச்சியாவுக்குச் சமதளமான மண்டபமும் சில பந்துகளுமே பிரதானம்.
ஊர்காவற்றுறையிலோ நயினாதீவிலோ, சனிக்கிழமைகளில் ஒரு பாடசாலை மண்டபத்தைத் திறந்துவிட யார் முன்வருவீர்கள்?