டிஜேவுக்கு நாற்பதாயிரம்

தங்கையின் கல்யாணத்துக்கு இரண்டு மாதம் இருக்கும்போது மாப்பிள்ளையின் அம்மா போனில் பேசினார். "நாங்க எதுவும் கேக்கல சம்பந்தி. ரிசப்ஷனுக்கு ஒரு டிஜே இருந்தா பசங்க சந்தோஷப்படுவாங்க, அவ்வளவுதான்." 1961ஆம் ஆண்டின் வரதட்சணைத் தடுப்புச் சட்டம் கேட்பதையே குற்றம் என்கிறது. ஆனால் எங்களிடம் யாரும் எதையும் கேட்கவில்லை. ஆசைதான் பட்டார்கள்.

விலை விசாரிக்கும் வேலை எனக்கு வந்தது. திண்டுக்கல்லில் மூன்று பேரிடம் கேட்டேன். டிஜே, ஸ்பீக்கர், லைட் எல்லாம் சேர்த்து 45,000 என்றார் ஒருவர். புகை மெஷினுக்குத் தனி. ஜெனரேட்டர் நம் பொறுப்பு. பாதிப் பணம் முன்பணம். பேசிப் பேசி 40,000க்குக் கொண்டுவந்தேன். ஐயாயிரத்தைக் குறைத்துவிட்டேன் என்று அம்மாவிடம் பெருமையடித்துக்கொண்டேன்.

அப்பா கல்யாணச் செலவு நோட்டில் 'டிஜே 40,000' என்று எழுதினார். யாருடைய பணம் என்று எழுதவில்லை. அது அம்மாவின் சீட்டுப் பணம். இருபது மாத ஏலச்சீட்டு, ஐம்பதாயிரம் ரூபாய். ஊராருக்கு ஜாக்கெட் தைத்துக் கட்டிவந்தார். கால் வலிக்கிறது, மிதிக்கும் மெஷினை மாற்றி மோட்டார் மெஷின் வாங்க வேண்டும் என்று சேர்ந்த சீட்டு. கல்யாண அவசரத்துக்காக ஐந்தாவது மாதமே 8,000 தள்ளி எடுத்தார்.

ரிசப்ஷன் அன்று மண்டபத்தின் முன்னால் திறந்தவெளியில் மேடை. மாப்பிள்ளையின் நண்பர்கள் சட்டை நனைய ஆடினார்கள். சித்தி மகள்கள் இருவர் ஆசையாக ஏறினார்கள். ஒரு பாட்டு முடிவதற்குள் பெரியப்பா என்னைப் பார்த்தார். வாய் திறந்து எதுவும் சொல்லவில்லை. நான்தான் போய் அவர்களை இறக்கிக் கூட்டிவந்தேன். சின்னவள் என் கையை உதறிவிட்டு நடந்தாள். மணமகளான தங்கை நாற்காலியில் உட்கார்ந்து சிரித்த முகமாய் இருந்தாள். காலேஜில் எல்லா விழாவிலும் ஆடியவள் அவள்.

திறந்தவெளியில் இரவு 10 மணிக்கு மேல் ஒலிபெருக்கி வைக்கக்கூடாது என்பது 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதி. மேனேஜர் வந்து நிறுத்தச் சொன்னார். ஆக, மூன்று மணி நேரத்துக்கு நாற்பதாயிரம்.

இப்போது தோழிகள் "டிஜேவுக்கு எவ்வளவுடி ஆகும்?" என்று கேட்டால் ரேட்டைச் சொல்கிறேன். கூடவே, பணம் யாருடையது, உங்கள் வீட்டுப் பெண்களை ஆட விடுவார்களா என்றும் கேட்கிறேன். அன்று பேரம் பேசிய எனக்கு இந்த இரண்டும் கேட்கத் தோன்றவில்லை.

கல்யாணத்துக்குப் பிறகும் மீதி மாதங்களுக்கு அம்மா சீட்டு கட்டினார், அதே பழைய மெஷினை மிதித்து. ஒருநாள் பணத்தை எண்ணிக்கொண்டே கேட்டார்: "அன்னைக்கு என்னடி பாட்டு போட்டாங்க? நான் பந்தியிலயே நின்னுட்டேன். ஒண்ணும் சரியாக் கேக்கல."