ஊர் பெயரே ‘படுகொலைகள்’!

கியூபாவின் தலைநகர் ஹவானாவிலிருந்து கிழக்கே சுமார் 100 கிலோமீட்டர் போனால், விரிகுடாவை ஒட்டி அழகான ஒரு நகரம். ஊருக்குள்ளேயே ஆறுகள் ஓடுவதால் எங்கு திரும்பினாலும் பாலம். ‘பாலங்களின் நகரம்’, ‘கியூபாவின் ஏதென்ஸ்’ என்று செல்லப் பெயர்கள் வேறு. ஆனால், அதன் சொந்தப் பெயரைக் கேட்டால் தூக்கிவாரிப் போடும். மத்தான்சாஸ். ஸ்பானிய மொழியில் ‘படுகொலைகள்’ என்று பொருள்!

‘மத்தார்’ என்றால் கொல்வது. அதிலிருந்து வந்தது ‘மத்தான்சா’. பலரைக் கூட்டமாகக் கொன்று குவித்தால் அது மத்தான்சா. ஸ்பெயின் கிராமங்களிலோ இதே சொல்லுக்கு இன்னொரு முகம் உண்டு. குளிர்காலத்தில் வீட்டில் வளர்த்த பன்றியை அறுத்து, உறவுகள் ஒன்றுகூடி, மாதக்கணக்கில் வைத்துச் சாப்பிட இறைச்சியைப் பதப்படுத்தும் நாளும் மத்தான்சாதான். அங்கே அது குடும்ப விருந்து!

கியூபா நகருக்கு இந்தப் பெயர் வந்ததற்கு ஒரு கதை சொல்கிறார்கள். 1510 வாக்கில், ஸ்பானியர்கள் சிலர் தங்களை அக்கரை சேர்க்கச் சொல்லி உள்ளூர்ப் பழங்குடிகளிடம் கேட்டார்களாம். நடுவழியில் படகுகள் கவிழ்க்கப்பட்டன. இரும்புக் கவசம் அணிந்தவர்கள் எழ முடியாமல் மூழ்கினார்கள். 1693-ல் நகரம் முறைப்படி உருவானபோதும் அந்தப் பெயரே ஒட்டிக்கொண்டது.

ஆக, பெயரில் நிலைத்தது செத்துப்போன சில ஸ்பானியர்களின் நினைவு. நோயாலும் கட்டாய உழைப்பாலும் அழிந்துபோன பழங்குடிகளுக்கு அந்த இடமும் இல்லை.

பிறகு வந்தது கரும்பு. ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளைக் கப்பல் கப்பலாக இறக்கினார்கள். 1843-ல் இங்குள்ள திரியும்விராத்தோ சர்க்கரை ஆலையில் அடிமைகள் கிளர்ந்தெழுந்தார்கள். முன்னின்றவர்களில் கார்லோத்தா என்ற பெண்ணும் ஒருவர். கிளர்ச்சி நசுக்கப்பட்டது, அவரும் கொல்லப்பட்டார். அடுத்த வருடம், சதி செய்ததாகச் சந்தேகப்பட்டவர்களை ஏணியில் கட்டிவைத்து, வாக்குமூலம் கேட்டுச் சவுக்கால் அடித்தார்கள். அதனால் 1844-க்குக் கியூபாவில் ‘சவுக்கடி ஆண்டு’ என்றே பெயர்.

இன்று திரியும்விராத்தோவில் கிளர்ந்தெழுந்த அடிமைகளுக்கு நினைவுச்சின்னம் நிற்கிறது. மத்தான்சாஸ் தெருக்களில் அவர்களின் வாரிசுகள் வளர்த்த ரும்பா மேளம் அதிர்கிறது. ஊர்ப் பெயர் சொல்லாமல் விட்ட மரணங்களையும் தெரிந்துகொண்டு அந்த மேளத்தைக் கேட்டால், காலோடு மனமும் அசையும்.