எரிந்த நூல்களும் எரித்த நூல்களும்

சரயேவோவுக்குச் செல்பவர்கள் பெரும்பாலும் இரண்டு இடங்களைத் தேடிப் போவார்கள். 1914இல் ஆஸ்திரிய இளவரசர் சுடப்பட்ட இடத்தருகே உள்ள லத்தீன் பாலம் ஒன்று. செம்புப் பாத்திரம் தட்டும் ஓசை ஓயாத பாஷ்சார்ஷியா கடைவீதி மற்றொன்று. 2019இல் நாங்கள் போனது மூன்றாவதொன்றைப் பார்ப்பதற்காக. மில்யாட்ஸ்கா ஆற்றங்கரையில் 1896இல் நகர மன்றமாகத் திறக்கப்பட்டு, பிற்பாடு பொஸ்னியாவின் தேசிய நூலகமாக விளங்கிய வியெச்னிட்சா கட்டடம் அது. 1992 ஆகஸ்ட் 25ஆம் நாள் இரவு, நகரைச் சூழ்ந்த மலைகளிலிருந்து அதன்மேல் எறிகணைகள் வீசப்பட்டன. மறைந்திருந்து சுடுவோரின் குறிக்கு நடுவே, நகரத்தார் வரிசையாக நின்று கைமாற்றிக் கைமாற்றிச் சில நூல்களை மீட்டனர். ஏனையவை சாம்பலாயின. கருகிய தாள்கள் கரும்பறவைகளைப் போல் நகரெங்கும் பறந்தனவாம்.

இதைத் தேடிப் போனதற்குக் காரணம் சொல்ல வேண்டியதில்லை. எங்களில் ஒருவர் யாழ்ப்பாணத்தில் பிறந்தவர். மற்றவர் அந்த நூலகத்தைப் படங்களில் மட்டுமே கண்டவர். 1981 மே 31 நள்ளிரவையொட்டி எரிக்கப்பட்ட 97,000 நூல்களின் கணக்கும், தீயைக் கண்ட அதிர்ச்சியில் தாவீது அடிகளார் உயிர்நீத்ததாகச் சொல்லப்படும் செய்தியும் எங்கள் வீட்டில் அடிக்கடி எழும் பேச்சுகள். ஒரு மொழியின் நினைவு எரிந்தது என்றே எப்போதும் சொல்லிக்கொள்வோம். அந்த மனத்தோடு, இழவு வீட்டுக்குத் துக்கம் விசாரிக்கப் போகும் உறவினரைப் போலத்தான் சரயேவோவில் இறங்கினோம்.

வியெச்னிட்சா 2014இல் மீண்டும் திறக்கப்பட்டிருந்தது. வண்ணக் கண்ணாடிக் கூரையும் பளபளக்கும் தூண்களுமாக அழகாய்த்தான் இருந்தது. நூல்களைவிடச் சுற்றுலாப் பயணிகளே கண்ணில் பட்டனர். இருபது லட்சத்துக்கும் மேற்பட்ட நூல்களும் ஆவணங்களும் அழிந்ததாக வாயிற் பலகை சொல்கிறது. அதைப் படம் எடுத்துக்கொண்டு திரும்பினோம்.

நாங்கள் தங்கியிருந்த வீட்டுக்காரர் பள்ளியில் இயற்பியல் கற்பித்து ஓய்வுபெற்றவர். மாலையில் செம்புக் குடுவையில் காப்பி காய்ச்சி, பிடியில்லாத சிறு கிண்ணங்களில் ஊற்றினார். சர்க்கரைக் கட்டியைக் காப்பியில் தோய்த்துக் கடித்துவிட்டு மேலே ஒரு வாய் குடிக்க வேண்டும் என்று செய்து காட்டினார். நூலகம் எரிந்த இரவைப் பற்றிக் கேட்டோம். அவர் சற்றே யோசித்து, "அந்த நெருப்பு எனக்கு நினைவிருக்கிறது. ஆனால் நான் எரித்த நூல்கள்தாம் நன்றாக நினைவிருக்கின்றன" என்றார்.

1992 ஏப்ரலில் தொடங்கிய முற்றுகை 1,425 நாட்கள் நீடித்தது. மின்சாரமில்லை, எரிவாயு இல்லை. பூங்கா மரங்கள் விறகாயின. பிறகு கதவுகள், காலணிகள், நூல்கள். முதலில் அடுப்புக்குப் போனவை கட்சித் தலைவர்களின் சொற்பொழிவுத் தொகுதிகள். எல்லார் வீட்டிலும் இருந்தவை, எவரும் படிக்காதவை என்று சிரித்தார். வழவழப்புத் தாள் புகையுமே தவிரச் சூடு தராது. மலிவுப் பதிப்புகளே நன்றாக எரியும். இரண்டு பாக நாவல் ஒன்று இருந்தால் ஒரு பானை அவரை வெந்துவிடும். இயற்பியல் வாத்தியாரின் துல்லியத்தோடு அவர் இதைச் சொல்லிக்கொண்டு போக, எங்களுக்குக் காப்பி தொண்டையில் இறங்கவில்லை.

எதையாவது எரிக்காமல் வைத்தீர்களா என்று கேட்டோம். எழுந்து போய் அட்டை பிய்ந்த ஒரு சமையல் நூலை எடுத்து வந்தார். இரவில் அவர் மனைவி மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் அதிலிருந்து ஒரு பக்கம் வாசிப்பாராம். வால்நட் பருப்பும் சர்க்கரைப் பாகும் சேர்த்துச் செய்யும் பலகாரம் என்றால் பிள்ளைகள் மறுபடி வாசிக்கச் சொல்வார்களாம்.

பிறகு எங்கள் நூலகத்தைப் பற்றிச் சொன்னோம், தொகை, நாள் எல்லாம். பொறுமையாகக் கேட்டுவிட்டு அவர் ஒன்றே ஒன்று கேட்டார்: "அன்று இரவு வீட்டில் என்ன செய்தீர்கள்?"

எங்களில் யாழ்ப்பாணத்தவருக்கு அப்போது ஒன்பது வயது. திருமணமாகி இருபது ஆண்டுகளில் மற்றவர் ஒருமுறைகூடக் கேட்டிராத ஒன்றை, ஓர் அந்நியருக்கு, அரைகுறை ஆங்கிலத்தில் சொல்லத் தொடங்கினார். விளக்கை அணைத்துவிட்டு நெல்மூட்டைகளுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தது. தம்பி இருமாமல் இருக்க அம்மா அவன் வாயில் பனங்கட்டித் துண்டு வைத்தது. மறுநாள் கிணற்றடியில் வந்து விழுந்த கருகிய தாள்களை அம்மா விளக்குமாற்றால் கூட்டி வாழையடியில் கொட்டியது. ஒரு தாளில் எழுத்துத் தெரிந்ததாகவும், அதை எடுக்கப் போனபோது அம்மா கையைத் தட்டிவிட்டதாகவும் சொன்னார். பெரியவர் குறுக்கிடவில்லை. கிண்ணங்களை மட்டும் மறுபடி நிரப்பினார்.

மறுநாள் மோஸ்தாருக்குப் பேருந்து. பச்சையாய் ஓடும் நெரெத்வா ஆற்றின் கரையோடு பாதை வளைந்து வளைந்து போகிறது. பார்க்க வேண்டிய காட்சிதான், ஆனால் நாங்கள் அதிகம் பார்க்கவில்லை. வீட்டு அலமாரியில் எதை முதலில் அடுப்பில் போடுவது என்று வாதிட்டுக்கொண்டிருந்தோம். மேல்தட்டில் இருக்கும் விருது பெற்ற இரண்டு நாவல்கள் விஷயத்தில் உடனே ஒத்துப்போயிற்று. கவிதைகளுக்கு வந்தபோது பேச்சு சண்டையாயிற்று. அம்மாவின் கையெழுத்தில் உள்ள, பிலாக்கொட்டைக் கறியும் ஒடியற் கூழும் எழுதிய கோடு போட்ட நோட்டுப் புத்தகத்தை மட்டும் இருவருமே கணக்கில் சேர்க்கவில்லை.