முள்ளும் நரம்பும்: தூண்டில் தொழிலில் விலையின் இடம்

தூண்டிலுக்குச் செலவிடும் பணம் மீனாகத் திரும்புகிறதா என்னும் கேள்வி, பொழுதுபோக்காக மீன்பிடிப்போரிடையே இன்று வலுத்திருக்கிறது. சென்னை, தூத்துக்குடி, இராமேசுவரம் ஆகிய ஊர்களின் கடலோரத்தில் விடுமுறை நாள்களில் தூண்டிலோடு நிற்போர் கையில் ஜப்பானிய ரீலும் கார்பன் இழைக் கோலும் இருப்பது அரிய காட்சியன்று. உயர்ந்த வகை ரீல் ஒன்றே அரை லட்ச ரூபாயைத் தாண்டிவிடுகிறது. இவ்வளவு செலவு தகுமா என்று ஐயுறுவோர் பெரும்பாலும் கடைக்காரரையோ தம்மைப் போன்ற மற்றொரு பொழுதுபோக்காளரையோதான் கேட்கின்றனர். தூண்டிலை நம்பியே உலை வைக்கும் மீனவரிடம் அக்கேள்வி போய்ச் சேர்வதில்லை. குமரி மாவட்டத்தின் மேற்குக் கடற்கரையில், முட்டம், கடியப்பட்டணம், குளச்சல் தொடங்கித் தூத்தூர் வட்டாரம் வரையுள்ள ஊர்களில் தூண்டில் இன்றும் தலைமுறைத் தொழிலாக நிலைத்திருப்பதால், கருவியின் எந்த உறுப்புக்குப் பணம் தகும், எதற்குத் தகாது என்னும் கணக்கை அங்குள்ளோர் கைப்பழக்கத்தில் வைத்திருக்கின்றனர்.

அத்தொழிலின் எளிய வடிவம் கைத்தூண்டில். அதில் கோல் இல்லை, ரீலும் இல்லை. ஒரு மரச்சட்டத்தில் சுற்றிய நரம்பு, அதன் முனையில் ஈயக்குண்டு, முறுக்கேறாமல் காக்கும் சுழல்வளையம், முள், இரை என்பனவே அதன் முழு உடைமை. நரம்பு எனப்படுவது நைலான் ஒற்றையிழை. தமிழ்க் கடற்கரையில் அதற்குத் தங்கூசி என்றும் பெயருண்டு. கடலடியிலுள்ள பாறைத்திட்டைப் பார் என்பர். கலவாய், விளமீன், பாறைமீன் முதலிய நல்ல விலை பெறும் மீன்கள் அத்தகைய பார்களை ஒட்டியே திரிவதால், நரம்பு சரியான பாரின்மேல் இறங்கவில்லையெனில் முனையில் எந்தக் கருவி கட்டியிருந்தாலும் பயனில்லை. கரையில் தெரியும் மாதா கோயில் கோபுரத்தையும் அதன் பின்னே எழும் மலைமுகட்டையும் ஒரே நேர்கோட்டில் கொண்டுவந்து, வேறொரு திசையில் மற்றோர் இணையையும் அவ்வாறே பொருத்தி, இரண்டு கோடுகளும் வெட்டிக்கொள்ளும் இடத்தில் படகை நிறுத்தும் முதியவர்கள் இவ்வூர்களில் இன்னும் இருக்கின்றனர். இளையோர் அதே இடத்தை ஜிபிஎஸ் கருவியில் குறித்துவைக்கின்றனர். மீன்பிடித் தொழிலின் விலைமதிப்பான பகுதி இந்த இடவறிவே என்பதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும், ஏனெனில் அது எந்தக் கடையிலும் விற்பனைக்கு இல்லை.

கடலுக்குப் புறப்படுமுன் மீனவர் செய்யும் சோதனையைச் சற்று அருகிருந்து பார்ப்பது பயன் தரும். நரம்பின் கடைசி இரண்டு பாகத்தை, அதாவது இரு கைகளையும் விரித்தால் வரும் நீளத்தைப்போல் இரு மடங்கை, கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் இடையே வைத்து அவர் மெல்ல இழுக்கிறார். உப்பும் கயிறும் தடிக்கவைத்த விரலுக்குச் சிறு சொரசொரப்பு தட்டுப்படாமல் போகலாம் என்பதால், அதே நரம்பை உதட்டின் நடுவே வைத்து மறுமுறையும் இழுக்கிறார். தடங்கல் தட்டிய இடத்தில் தயங்காமல் அறுத்துவிட்டு முள்ளைப் புதிதாகக் கட்டுகிறார். முடிச்சை இறுக்குமுன் எச்சிலால் நனைக்கிறார், ஏனெனில் உலர்ந்த நைலான் இறுகும்போது உராய்வின் சூட்டால் முடிச்சிலேயே வலுவிழந்துவிடும். பின்னர் முள்ளின் நுனியைக் கட்டைவிரல் நகத்தின்மேல் சாய்த்து வைத்து லேசாக இழுக்கிறார். நகத்தில் கீறி நின்றால் முள் கடலுக்குப் போகும், வழுக்கிச் சென்றால் அரத்துக்குப் போகும். இச்சோதனை முழுவதற்கும் ஆகும் செலவு சில அடி நரம்பும் சில நிமிடமும்தான். ஆயினும் பெருமீனைக் கைநழுவவிட்டோர் சொல்லும் காரணங்களுள் மிகப் பல, நைந்த நரம்பிலோ உலர்ந்த முடிச்சிலோ மழுங்கிய முள்ளிலோ வந்து முடிகின்றன.

மீன் கடித்தபின் நிகழ்வது வேறொரு கலை. தமிழில் எவ்வளவோ இடங்களில் வழங்கும் விட்டுப்பிடித்தல் என்னும் சொல்லாட்சி இங்கே உருவகமாக இல்லாமல் நேர்ப்பொருளிலேயே நிற்கிறது. மீன் ஓடும்போது நரம்பை உள்ளங்கையில் உரசி ஓடவிட்டு, அது தலை திருப்பும் கணத்தில் ஒரு பாகம் இழுத்து, மறுபடி ஓடினால் மறுபடி விட்டு, அறுபடும் அளவுக்கு இழுவிசை ஏறாமலும் முள் கழலும் அளவுக்குத் தளராமலும் மீனவரின் கை காக்கிறது. சிலர் மிதிவண்டி டியூபை வெட்டி விரலுறையாக மாட்டிக்கொள்வர். அப்படியும் உள்ளங்கையில் நரம்பு அறுத்த தழும்பு இல்லாத கைத்தூண்டில்காரர் அரிது. ரீலில் இவ்வேலையைச் செய்வது டிராக் என்னும் உராய்வுத் தட்டுகளின் அடுக்கு. நரம்பின் அறுவலிமையில் நான்கில் ஒரு பங்கு முதல் மூன்றில் ஒரு பங்கு வரையிலான இழுவிசையில் நரம்பை விடுமாறு அதனைத் திருகிவைப்பது வழக்கம். மலிவான ரீலில் இத்தட்டுகள் முதலில் ஒட்டிக்கொண்டு, பிறகு சட்டென வழுக்குகின்றன. அந்த முதல் வெட்டிலேயே நரம்பு அறுந்துவிடும். நல்ல ரீலில் தட்டுகள் தொடக்கம் முதலே சீராக நழுவுகின்றன. ஆகவே, பணம் உண்மையிலேயே வேலை செய்யும் இடங்களுள் டிராக் ஒன்று என்று ஒப்புக்கொள்ள வேண்டும். உப்புநீர் உட்புகாதபடி அடைக்கப்பட்ட ரீலுக்கும் இதே நியாயம் பொருந்தும், ஏனெனில் கடலோரத்தில் மலிவான ரீலின் பேரிங்கும் வில்லும் ஓரிரு பருவங்களில் துருவேறி இறுகிவிடுகின்றன. எனினும் இந்த இரண்டு தன்மைகளும் நடுத்தர விலையிலேயே கிடைத்துவிடுகின்றன. அதற்குமேல் கூடும் ஒவ்வோர் ஆயிரத்துக்கும் கிடைப்பது எடைக்குறைவும் சுழற்சியின் மென்மையும்தான். அவை இன்பம் தருவன என்பதில் ஐயமில்லை. மீன் தருவனவா என்பது வேறு கேள்வி.

கோலைப் பற்றிப் பரவியிருக்கும் ஒரு தவறான எண்ணத்தைத் திருத்துவது கட்டாயம். நீண்ட, விலையுயர்ந்த கோல் மீனை எளிதாகத் தூக்கித் தரும் என்று பலர் நம்புகின்றனர். நெம்புகோல் விதிப்படி உண்மை இதற்கு மாறானது: மீன் கோலின் நுனியிலும் மனிதன் அதன் அடியிலும் இழுப்பதால், கோல் நீள நீள மனிதனின் கைக்கே பாரம் கூடுகிறது. கோலின் பயன், இரையைத் தொலைவில் எறிவதும் வளைந்து கொடுத்து அதிர்ச்சியைத் தாங்குவதும்தான். கரையில் நிற்பவருக்கு இவ்விரண்டும் தேவை. ஆழத்தில் பாரின்மேல் நிற்கும் படகில் இருப்பவருக்கு எறிய வேண்டியதில்லை, அதிர்ச்சியை அவர் தோளும் முழங்கையுமே தாங்குகின்றன. கைத்தூண்டில்காரர் கோல் இல்லாமலிருப்பதற்கு வறுமை மட்டுமே காரணம் என்று கொள்வது அவருடைய அறிவைக் குறைத்து மதிப்பதாகும். கண்ணாடியிழையின் இடத்தைக் கார்பன் இழை 1970-களில் பிடிக்கத் தொடங்கியதிலிருந்து கோல்கள் மெலிந்து விறைத்திருப்பது மெய்யே. ஆனால் விறைப்புத்தன்மை மிக உயர்ந்த கார்பன் இழை எளிதில் நொறுங்கவும் கூடும், படகின் விளிம்பில் ஒருமுறை மோதினால் கண்ணுக்குத் தெரியாத கீறல் விழுந்து பின்னொரு நாள் மீனோடு முறியவும் கூடும். கார்பன் மின்சாரத்தைக் கடத்தும் என்பதால் இடி மழையிலும் மின்கம்பியின் அடியிலும் அதனை உயர்த்திப் பிடிப்பது உயிருக்கே ஆபத்து. இந்த எச்சரிக்கைக்கு விற்பனையாளர் பேச்சில் உரிய இடம் கிடைப்பதில்லை.

நரம்பில் இப்போது மூன்று வகைகள் போட்டியிடுகின்றன. நைலான் நன்கு நீளக்கூடியது. கைத்தூண்டிலில் அந்த நீட்சியே மெத்தையாகிறது, ஆயினும் நீரை உறிஞ்சிச் சிறிது வலுவிழப்பதும் வெயிலில் நாளடைவில் நைந்துபோவதும் அதன் குறைகள். பின்னிய பாலித்தீன் இழை, அதே வலுவுக்குப் பல மடங்கு மெல்லியது. ஏறத்தாழ நீளவே நீளாது. முப்பது பாகத்துக்குக் கீழே மீன் இரையை முகர்வதைக்கூட விரலுக்கு அறிவிக்கும் இவ்விழை, வெறுங்கையில் கத்தியைப்போல் அறுக்கும். பாறையில் உரசினால் விரைவில் அறுபடும். மூன்றாவதான புளோரோகார்பன், தண்ணீரில் தெரியாது என்னும் பெயரால் பல மடங்கு விலைக்கு விற்கப்படுகிறது. ஒளியை வளைக்கும் அளவு நீருக்கு 1.33, புளோரோகார்பனுக்குச் சுமார் 1.42, நைலானுக்குச் சுமார் 1.53 என்பதால், அது நைலானைவிடக் குறைவாகத் தெரியும் என்பது சரியே, முற்றிலும் தெரியாது என்பது சரியன்று. தெளிந்த பவளத்திட்டு நீரில் முள்ளுக்கு முன்னால் ஒரு பாக நீளத்துக்கு அதனைக் கட்டினால் போதுமானது; மழைக்காலத்தில் ஆற்றுநீர் கலங்கி இறங்கும் முகத்துவாரத்தில் அதற்குக் கொடுக்கும் கூடுதல் விலை வீண்.

முள்ளுக்கு வரும்போது வாதம் தலைகீழாகிறது. சென்னை மாகாண ஆட்சிப் பணியிலிருந்த ஹென்றி சல்லிவன் தாமஸ் 1873-இல் இந்தியத் தூண்டில் மீன்பிடிப்பு பற்றி ஒரு நூல் வெளியிட்டார். சால்மன் மீனுக்காக இங்கிலாந்தில் செய்யப்பட்ட முட்கள், நம் ஆறுகளின் மகசீர் என்னும் பெருங்கெண்டையின் வாயில் நசுங்கிப்போவது அக்காலத்துத் தூண்டில்காரர்கள் நன்கறிந்த அனுபவம். அருமையான கோலும் பட்டுநூலும் கப்பலேறி வந்தும், மீனின் வாய்க்குள் போகும் ஓர் அங்குலக் கம்பி வலுவற்றதாக இருந்ததால் எல்லாம் வீணாயின. குமரிக் கடற்கரையில் முள் வாங்குவோர் இப்பாடத்தை நூலில் படித்தவர்களல்லர். ஆயினும் நார்வே நாட்டு முள்ளுக்கும் பெயரில்லாத மலிவு முள்ளுக்கும் உள்ள வேறுபாட்டை வளைத்துப் பார்த்தே சொல்லிவிடுகின்றனர். நன்கு பதமேற்றிய எஃகு சற்று வளைந்து மீளும். பதம் குறைந்தது வளைந்தே நிற்கும், பதம் மிகுந்தது சட்டென ஒடியும். நல்ல முள்ளுக்கும் மலிவு முள்ளுக்கும் இடையே உள்ள விலை வேறுபாடு ஒரு தேநீர்க் காசைத் தாண்டாது. அரை லட்ச ரூபாய் ரீலின் நுனியில் மலிவு முள்ளைக் கட்டும் பொழுதுபோக்காளர், தம் செலவு அனைத்தையும் அதன் மிக நலிந்த கண்ணியில் தொங்கவிடுகிறார். நுனி உள்நோக்கி வளைந்த வட்ட முள்ளையும் இங்கே குறிப்பிட வேண்டும்: அது பெரும்பாலும் தொண்டையில் இறங்காமல் வாயின் ஓரத்தில் மாட்டுவதால், திருப்பி விடப்படும் மீனும் தவறி மாட்டும் ஆமையும் பிழைக்க வாய்ப்புக் கூடுகிறது. மீன் கடித்தவுடன் வெடுக்கென இழுக்கும் பழக்கத்தை அதற்காக விட்டுவிட வேண்டும், அவ்வளவே.

ஆடையைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. மழைநீரைத் தடுத்து வியர்வை ஆவியை வெளியேற்றும் சவ்வுத்துணி, உள்ளே வெப்பமும் ஆவியும் மிகுந்து வெளியே குளிர்ந்து உலர்ந்திருந்தால்தான் திறம்பட வேலை செய்யும். குமரியின் புழுக்கத்தில் உள்ளும் புறமும் ஏறத்தாழ ஒன்றாகிவிடுவதால், குளிர்நாட்டுக்காகச் செய்த அந்த விலைமிக்க மேலங்கி இங்கே சாதாரண மழைக்கோட்டைவிடப் பெரிதாக எதையும் செய்வதில்லை. நீர்ப்பரப்பின் கூச்சத்தை வெட்டும் போலரைஸ்டு கண்ணாடி மட்டும் விதிவிலக்கு. அதிலும் கூச்சத்தை வெட்டும் படலம் மலிவான கண்ணாடியிலும் வேலை செய்கிறது.

இவை எல்லாவற்றையும்விடத் தயங்காமல் பணம் கொடுக்கத் தகுந்த பொருள் ஒன்றுண்டு, அது மீன் பிடிப்பதே இல்லை: உயிர்காப்புக் கருவி. 2017 நவம்பர் இறுதியில் ஒக்கிப் புயல் குமரிக் கடலில் உருவானபோது, தூத்தூர் வட்டாரத்தின் ஆழ்கடல் தூண்டில் படகுகள் கரையிலிருந்து பல நாள் பயணத்தொலைவில் இருந்தன. குறுகிய எல்லைக்குள் மட்டுமே கேட்கும் வயர்லெஸ் கருவி தவிர வேறு தொடர்பு இல்லாத படகுகளுக்குப் புயல் எச்சரிக்கை சென்று சேரவில்லை. பலர் திரும்பவில்லை. அதன்பின் செயற்கைக்கோள் வழியாகச் செய்தி பெறவும் ஆபத்தை அறிவிக்கவும் உதவும் டிரான்ஸ்பாண்டர் கருவிகள் படகுகளுக்கு வந்தன. இத்தனை உயிர்கள் போனபிறகு அவை வந்தன என்பது இவ்வூர்களில் ஆறாத வலி. பாறைமுனையிலும் அலைத்தடுப்புக் கல்லிலும் நின்று மீன்பிடிக்கும் நகரத்துப் பொழுதுபோக்காளரோ, கோலுக்குக் கொடுத்ததில் பத்தில் ஒரு பங்குகூட உயிர்காப்பு அங்கிக்குக் கொடுப்பதில்லை. அந்த அங்கியிலும் தரவேறுபாடு உண்டு: 50 நியூட்டன் மிதப்பு என்று குறித்தது நீந்தத் தெரிந்தவருக்கு உதவியாக மட்டுமே அமையும், நினைவிழந்தவரின் முகத்தை அமைதியான நீரில் மேலே திருப்பி வைக்க 100 நியூட்டனும், திறந்த கடலுக்கு 150 நியூட்டனும் தேவை. விலைச்சீட்டைப் பார்ப்போர் இந்த எண்ணையும் பார்த்து வாங்க வேண்டும்.

தேங்காய்ப்பட்டணம் துறைமுகத்தில் பயணத்துக்கு ஆயத்தமாகும் படகுகளில் ஆயிரங்கால் தூண்டில் அடுக்கப்படுவதைக் காணலாம். நீண்ட தாய்க்கயிற்றில் குறித்த இடைவெளியில் கிளைக்கயிறுகள் தொங்க, ஒவ்வொன்றின் முனையிலும் ஒரு முள் இருக்கும் அமைப்பு அது. கடலில் விடும்போது சிக்காமலிருக்கக் கயிற்றைப் பெட்டிக்குள் வளையம் வளையமாக இட்டு, முட்களை விளிம்பில் வரிசையாகக் குத்தி வைக்கின்றனர். அடுக்குபவரின் விரல்கள் ஒவ்வொரு முள்ளையும் நகத்தில் தொட்டுவிட்டே விளிம்பில் ஏற்றுகின்றன. நூற்றுக்கணக்கான முட்களுள் ஒன்று வழுக்கினாலும் அவர் கை அங்கே நின்றுவிடுகிறது. அந்த முள்ளைக் கிளைக்கயிற்றிலிருந்து வெட்டிக் காலடியிலுள்ள தகரத்தில் போடுகிறார், விளிம்பில் அதற்குரிய இடத்தை வெறுமையாக விட்டுவைத்து, புதிய முள்ளை எடுத்துக் கட்டத் தொடங்குகிறார்.