லாரி வந்தாலும் வராவிட்டாலும்

வைகாசியில் பண்ருட்டி பலா மண்டிப் பக்கம் போனால் பேச்சில் பாதி லாரியைப் பற்றித்தான். "லாரி வந்தா சரக்கு கோயம்பேடு போயிடும். வரலன்னா இங்கயே சில்லறைக்குத் தள்ளணும்" என்பார் வியாபாரி. வருமா, வராதா என்பது அவருக்கே தெரியாது. ஆனாலும் ஒன்று உறுதி: சரக்கு போய்ச் சேரும் இடம் கோயம்பேடு, இல்லையேல் உள்ளூர்ச் சில்லறை. லாரி கணக்கிலிருந்தே கழன்றுவிட்டது.

தர்க்கத்தில் இதற்கு ரெசல்யூஷன் என்று பெயர். ஒரே விஷயம் ஒரு கூற்றில் 'ஆம்' என்றும் இன்னொன்றில் 'இல்லை' என்றும் வந்தால், அதை அடித்துவிட்டு மிச்சத்தைச் சேர்த்துக்கொள்ளலாம். 1965இல் ஆலன் ராபின்சன் இந்த விதியை மையமாக வைத்துக் கணினியைத் தேற்றங்கள் நிறுவ வைத்தார். நிறுவ வேண்டியதை முதலில் மறுத்துவிட வேண்டும்; பிறகு அடித்துக்கொண்டே போக வேண்டும். கடைசியில் மிச்சம் எதுவுமே இல்லையென்றால் மறுப்பு பொய், சொன்னது மெய்.

இதையே திருப்பிப் போட்டால் கன்சென்சஸ். 1937இல் ஆர்ச்சி பிளேக் சிகாகோ பல்கலைக்கழக ஆய்வேட்டில் எழுதியது; 1950களில் தத்துவவாதி குவைன் கையில் பரவலானது. லாரி வந்து, கோயம்பேட்டில் கிராக்கியும் இருந்தால் சரக்கு விலைபோகும். லாரி வராமல், உள்ளூரில் கிராக்கி இருந்தாலும் விலைபோகும். இரண்டு இடத்திலும் கிராக்கி இருந்தால்? லாரியைப் பற்றி விசாரிக்கவே வேண்டாம்.

இந்த மூன்றாவது வாக்கியம் முதல் இரண்டுக்குள்ளேயே அடங்கியதுதான். சுருக்கி எழுதுபவர் இதை உபரி என்று வெட்டிவிடுவார். மின்சுற்று அமைப்பவர் வெட்டமாட்டார். 'ஆம்' என்பதை 'இல்லை' ஆக்கும் கேட் கொஞ்சம் தாமதிக்கும். ஒரு வழி மூடி மறுவழி திறப்பதற்குள், 'ஒன்று' என்றே இருக்க வேண்டிய விடை ஒரு கணம் பூஜ்யமாகிவிடலாம். இதை ஹசார்ட் என்பார்கள். லாரியை நம்பாத அந்த மூன்றாவது வழியையும் சுற்றில் சேர்த்துவிட்டால், மாறும் கணத்திலும் விடை அறுந்துபோகாது.

லாரி வந்துவிட்டால் குழப்பமில்லை. வராது என்று தெரிந்துவிட்டாலும் குழப்பமில்லை. வியாபாரியை வாட்டுவது நடுவில் உள்ள நேரம். பதில் கிடைக்காத கேள்வி எதிரே நிற்கும்போது, அது எந்தப் பக்கம் சாயும் என்று நான் இப்போதெல்லாம் ஊகிப்பதில்லை. எந்தப் பக்கம் சாய்ந்தாலும் கையில் நிற்பது எது என்பதை முதலில் கணக்குப் பார்க்கிறேன். பெரும்பாலும் அன்றைய வேலைக்கு அதுவே போதுமானதாக இருக்கிறது.